டேட் முடிஞ்ச பெய்லீஸ்: குடிக்கலாமா, கொட்டிரலாமா?

கேள்வி இதான். மச்சான் துபாய்ல இருந்து வேற வேற தடவை வந்தப்ப வாங்கிட்டு வந்த பெய்லீஸ் (விஸ்கியும் பாலாடையும் கலந்த இனிப்பு சரக்கு, க்ரீம் லிக்கர்னு சொல்லுவாங்க) ரெண்டு பாட்டில் வீட்டுல இருக்கு. ஒண்ணு சீல் உடைக்கவே இல்ல, மதுரை வீட்டு பீரோவுல துணிக்கு நடுவுல கிடந்திருக்கு, லேபிள்ல இருக்க தேதி முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னொண்ணு உடைச்சு கொஞ்சம் குடிச்சது, ஃப்ரிட்ஜ்ல எட்டு மாசமா நிக்குது, அதுக்கு தேதி இன்னும் முடியல. ஃப்ரெண்டு "சரக்குக்கு ஏதுடா எக்ஸ்பைரி, பழசானா தான் டேஸ்டே"ங்கறார், வீட்டுல "பால் போட்ட சரக்கு, விஷமாயிருக்கும், கொட்டு"ங்கறாங்க. யார் சொல்றது சரி?

ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. நான் டெய்ரி டெக்னாலஜி படிச்சுட்டு பால் பொருள் குவாலிட்டி செக்கிங்ல வேலை பாக்குற ஆளு, அதனால கொஞ்சம் நீளமா தான் சொல்லுவேன், பொறுமை இருந்தா படிங்க. பொறுமை இல்லாதவங்களுக்கு சுருக்கமா: க்ரீம் லிக்கர்ல தேதிய விட அது எங்க இருந்துச்சுங்கறது தான் முக்கியம். உங்க ரெண்டு பாட்டில்ல எனக்கு சந்தேகம் பீரோவுல இருந்த சீல் உடைக்காத பாட்டில் மேல தான், ஃப்ரிட்ஜ்ல நிக்குற உடைச்ச பாட்டில் மேல இல்ல. நிறைய பேர் இத அப்படியே தலைகீழா நினைப்பாங்க.

முதல்ல அந்த தேதிய பத்தி. பெய்லீஸ் பாட்டில் பின் லேபிள்ல மாசமும் வருஷமும் போட்டிருக்கும் பாருங்க, அது "பெஸ்ட் பிஃபோர்". "யூஸ் பை"னு ஒண்ணு வேற இருக்கு, ரெண்டும் ஒண்ணு இல்ல. யூஸ் பைங்கறது பச்சைக் கறி, மீன், பாக்கெட் சாலட் மாதிரி ஐட்டத்துக்கு, அந்த தேதி தாண்டினா வாடை வராட்டியும் சாப்பிடக் கூடாது, அது உடம்புக்கு ஆபத்து சம்பந்தப்பட்டது. பெஸ்ட் பிஃபோர்ங்கறது கம்பெனிக்காரன் "இது வரைக்கும் நான் நினைச்ச டேஸ்ட்ல இருக்கும், அதுக்கு நான் கேரண்டி"னு சொல்றது, அவ்வளவு தான். அதுக்கு மறுநாள் காலைல பாட்டிலுக்குள்ள எதுவும் புதுசா நடந்துராது. இன்னொரு விஷயம், ஐரோப்பிய யூனியன் சட்டப்படி 10% அல்லது அதுக்கு மேல ஆல்கஹால் இருக்க பானத்துக்கு தேதி போடணும்னே கட்டாயம் கிடையாது, நம்ம ஊர் உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ விதியும் அதே தான். பெய்லீஸ்ல 17% இருக்கு. அப்ப சட்டம் கேக்காமலே அவங்களா ஏன் போடுறாங்கன்னு யோசிச்சா, உள்ள இருக்கறது பாலாடைங்கறதால தான். விஸ்கி பாட்டில்ல தேதி தேடினா கிடைக்காது, தேவையும் இல்ல.

அவங்க குடுக்கற வாக்கு என்னன்னா, தயாரிச்ச நாள்ல இருந்து 2 வருஷம், உடைச்சிருந்தாலும் உடைக்காட்டியும், ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் வெளிய வச்சாலும் டேஸ்ட் நல்லா இருக்கும்னு. இதப் படிச்சுட்டு எல்லாரும் சந்தோஷமா வெளிய வச்சுடறாங்க, ஆனா அதே வாக்கியத்துல ஒரு கண்டிஷன் இருக்கு, அத யாரும் படிக்கறது இல்ல. நேரடி வெயில் படாம, 0ல இருந்து 25 டிகிரிக்குள்ள வச்சா தான் அந்த 2 வருஷம். பெய்லீஸோட சொந்த ஊரான அயர்லாந்து டப்ளின்ல 25 டிகிரி போனாலே அன்னைக்கு ஹாட் டேன்னு பேப்பர்ல போடுவான். மதுரைல டிசம்பர் மாசம் மத்தியானமே அத தாண்டிரும், சித்திரை வைகாசில மொட்டை மாடிக்கு கீழ இருக்க ரூம்ல ஃபேன் போட்டாலும் 36, 38 இருக்கும், அந்த ரூம்ல சுவர ஒட்டி நிக்குற இரும்பு பீரோ ராத்திரி வரைக்கும் சூடா இருக்கும். ஆக உங்க பாட்டில் லேபிள்ல இருக்க தேதி உங்க பீரோவுக்கு எழுதின தேதியே இல்ல, ஒரு நாள் கூட அந்த கண்டிஷன்ல அது இருந்திருக்காது.

சூடு அப்படி என்ன பண்ணிரும்னு கேட்டா, உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா தான் புரியும். பெய்லீஸ் கதையே சுவாரசியமானது. 1973ல லண்டன் சோஹோல டேவிட் க்ளக்மேன், ஹ்யூ சீமோர்-டேவிஸ்னு ரெண்டு பேர், அயர்லாந்து கில்பீஸ் கம்பெனிக்கு ஏற்றுமதி பண்ற மாதிரி ஒரு புது சரக்கு யோசிச்சு குடுக்கணும், அயர்லாந்துல பாலும் வெண்ணெயும் தான ஃபேமஸ், விஸ்கியையும் க்ரீமையும் கலந்தா என்னன்னு ஒருத்தர் கேக்க, பக்கத்து கடையில ஒரு ஜேம்சன் விஸ்கி, க்ரீம், கேட்பரி ட்ரிங்கிங் சாக்லேட் பவுடர் வாங்கி ஆபீஸ்லயே கலக்கி பாத்தாங்க, மொத்தமும் முக்கால் மணி நேர வேலைன்னு க்ளக்மேனே பின்னாடி எழுதியிருக்கார். பெய்லிங்கற பேர் கூட அந்த பக்கம் இருந்த ஒரு பிஸ்ட்ரோவோட, அதாவது சின்ன ஹோட்டலோட பேர் தான், லேபிள்ல கையெழுத்து போட்டிருக்க ஆர்.ஏ. பெய்லின்னு ஒரு ஆளே கிடையாது. ஐடியா வந்தது முக்கால் மணி நேரத்துல, ஆனா 1974 கடைசில தான் கடைக்கு வந்துச்சு. நடுவுல போன காலம் பூராவும், இத ஃப்ரிட்ஜ் இல்லாத ஒரு கடை ஷெல்ஃப்ல பிரியாம எப்படி நிக்க வைக்கறதுங்கற தலைவலிக்கு தான் பெரும்பாலும் போயிருக்கும்.

ஏன்னா க்ரீம்ங்கறது தண்ணிக்குள்ள மிதக்குற கொழுப்பு உருண்டை தான். சாதாரண பால்ல ஒரு உருண்டை 3, 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு தான் ஒரு மைக்ரான்) சைஸ் இருக்கும், கொஞ்ச நேரம் சும்மா வச்சா மேல ஏறி ஆடை கட்டிரும். அதனால ஃபேக்டரில க்ரீம், ஸ்பிரிட், சர்க்கரை, பால் புரதத்துல இருந்து எடுத்த சோடியம் கேசினேட் எல்லாத்தையும் கலந்து ஹோமோஜினைசர்னு ஒரு மெஷின்ல பயங்கர பிரஷர்ல ஊசி ஓட்டை மாதிரி சின்ன இடுக்கு வழியா தள்ளுவாங்க, அப்ப உருண்டை எல்லாம் உடைஞ்சு 1 மைக்ரானுக்கும் கீழ போயிரும், ஒவ்வொரு உருண்டையையும் சுத்தி கேசின்ங்கற அந்த பால் புரதம் ஒரு கோட்டிங் மாதிரி ஒட்டிக்கும். அவ்வளவு பொடிசா இருந்தா மேல ஏறறதுக்கே வருஷக்கணக்குல ஆகும். இந்த கோட்டிங் இருக்க வரைக்கும் தான் அது லிக்கர், கோட்டிங் போச்சுன்னா கெட்டியும் தண்ணியும் தனித்தனி.

அந்த கோட்டிங்குக்கு எதிரி க்ரீம்லயே இருக்க கால்சியம். 1980கள் ஆரம்பத்துல ஸ்காட்லாந்துல ஏர்ங்கற ஊர்ல இருந்த ஹன்னா ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்ல பேங்க்ஸ், மூயர், வில்சன்னு மூணு பேர் இத நோண்டினாங்க, அதுவும் குறிப்பா வெப்ப நாட்டுல க்ரீம் லிக்கர் ஏன் சீக்கிரம் கெட்டியாகுதுங்கறத. சூட்டுலயும் ஆல்கஹால்லயும் கால்சியம் கேசினோட சேந்து வலை மாதிரி பின்னி மொத்தமும் கூழாயிடுது, ட்ரைசோடியம் சிட்ரேட் கொஞ்சம் சேத்தா அது கால்சியத்தை பிடிச்சு வச்சுக்கும், ஆயுசு நல்லா கூடும்னு கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கும் பல பிராண்டு லேபிள்ல சிட்ரேட் இருக்கறதுக்கு காரணம் அது தான். ஆனா சிட்ரேட் இருந்தாலும் சூடு சூடு தான். இந்த மாதிரி ரியாக்ஷன் எல்லாம் தோராயமா 10 டிகிரி ஏறினா ரெண்டு மடங்கு வேகமா நடக்கும்னு எங்க லைன்ல ஒரு கணக்கு உண்டு, துல்லியமான விதி இல்ல, ஆனா மனசுல வச்சுக்க நல்ல கணக்கு. அந்த கணக்குப்படி 35 டிகிரில கிடக்குற பாட்டிலுக்கு 2 வருஷ வாக்கு 1 வருஷமா சுருங்குது, கோடைல அதுக்கும் கீழ. லேப்ல ஒரு லிக்கர் எத்தனை நாள் தாங்கும்னு சீக்கிரமா தெரிஞ்சுக்கணும்னா 45 டிகிரி ரூம்ல வச்சு வேணும்னே கெடுத்து பாப்பாங்க. மே மாசம் வெயில்ல நிறுத்தின கார் டிக்கில பாட்டில வச்சா நீங்களும் அதே டெஸ்ட் தான் பண்றீங்க.

சரி, கெட்டுப் போகுதுன்னா எப்படி கெட்டுப் போகும், இத தனித்தனியா தெரிஞ்சுக்கணும், ஏன்னா எல்லாம் ஒரே மாதிரி இல்ல. கழுத்துப் பகுதில ஒரு வெண்ணெய் வளையம் மாதிரி சேந்திருந்தா அது வெறும் கொழுப்பு மேல ஏறினது, மெதுவா ஆட்டினா கரைஞ்சு உள்ள போச்சுன்னா பிரச்சனை இல்ல, ரொம்ப நாள் அசையாம நின்ன நல்ல பாட்டில்லயே வரும். ஆட்டியும் கரையாம அடைப்பான் மாதிரி கெட்டியா நிக்குதுன்னா கோட்டிங் உடைஞ்சிருச்சு. அடுத்தது மொத்தமா கஸ்டர்ட் பதத்துக்கு வர்றது, இது தான் மேல சொன்ன கால்சியம் வேலை, வெயில் ஊர்ல அதிகம். அப்புறம் கலர் மாறுறது, பால்ல இருக்க லாக்டோஸும் புரதமும் சூட்டுல சேந்து பழுப்பேறும், வெளிர் பீஜ் கலர் போய் டீ கலர் வந்திருக்கும், வாசனைல ஒரு அடிபிடிச்ச பால் வாடை இருக்கும். நாலாவது காறல். கொழுப்பு காத்தோடயும் வெளிச்சத்தோடயும் சேந்து ஆக்சிடைஸ் ஆகி வர்ற வாடை, காறிப்போன நெய் டப்பாவ திறந்தா மூக்குல ஏறுமே அதே தான், சில சமயம் நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை மாதிரியும் இருக்கும். இந்த காறல் வந்துட்டா எத்தனை ஐஸ் போட்டாலும் காபில கலந்தாலும் போகாது, கேக்ல ஊத்தினா கேக்கையும் சேத்து கெடுக்கும்.

இதுல எதுலயாவது கிருமி வந்துச்சா கவனிச்சீங்களா? இல்ல. ஏன்னா 17% ஆல்கஹாலும் அவ்வளவு சர்க்கரையும் சேந்து இருக்க இடத்துல பாலை புளிக்க வைக்கிற பாக்டீரியா வளர்றது ரொம்ப கஷ்டம். வெளிய வச்ச பால் ஒரு நாள்ல திரிஞ்சிடுது, அதே க்ரீம் இதுல ரெண்டு வருஷம் நிக்குதுன்னா காரணம் இது தான், தனியா ப்ரிசர்வேட்டிவ் போடறது இல்லன்னு கம்பெனி சொல்றதும் இதனால தான். அதனால "பால் போட்ட சரக்கு, உள்ள கிருமி புழுத்திருக்கும்"ங்கற வீட்டுக்காரங்க பயம் ஃபேக்டரி பாட்டிலுக்கு பெரும்பாலும் பொருந்தாது. பெரும்பாலும்னு ஏன் சொல்றேன்னா ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு மூடி. ஊத்தும்போது கழுத்துலயும் மூடி இடுக்குலயும் ஒட்டுற அந்த கொஞ்சூண்டு லிக்கர்ல இருந்து ஆல்கஹால் ஆவியாயிடும், மிச்சம் சர்க்கரையும் பாலும் மட்டும் தான், அங்க பூஞ்சை தாராளமா பிடிக்கும். மூடிய திறந்ததும் பச்சையாவோ கருப்பாவோ பொட்டு இருந்தா துடைச்சிட்டு குடிக்கற வேலையே வேணாம். ரெண்டாவது, பாட்டிலோட வாய் வச்சு குடிக்கறது, கிளாஸ்ல மிஞ்சினத திரும்ப பாட்டில்ல ஊத்தறது. உருகின ஐஸ் தண்ணியோட திரும்ப போனா ஆல்கஹால் அளவும் குறையுது, எச்சிலும் போகுது, அந்த பாட்டிலுக்கு மேல சொன்ன எந்த கணக்கும் செல்லாது.

"விஷமாயிடும்"ங்கற பயத்துக்கு நம்ம ஊர்ல ஒரு பின்னணி இருக்கு, அத நான் கேலி பண்ண மாட்டேன். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க, அது வரைக்கும் மெத்தனால்ங்கற பேர் கேக்காதவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. ஆனா அது கள்ளச்சாராயத்துல வெளிய இருந்து கலந்தது. மூடி வச்ச பாட்டில்ல இருக்க எத்தனால், அதாவது நாம குடிக்கற ஆல்கஹால், நாள்பட்டா மெத்தனாலா மாறவே மாறாது, அப்படி ஒரு ரியாக்ஷனே அங்க இல்ல. டேட் முடிஞ்ச சரக்கு கண்ண பறிக்கும்னு வர்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டு எல்லாம் ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணா போட்டு குழப்பறது. டியூட்டி ஃப்ரீ பில்லோட வந்த பாட்டில்னா அந்த கவலை வேணாம், எவனோ சல்லிசா குடுத்த சீல் சரியில்லாத பாட்டில்னா தேதி முடியாட்டியும் தொடாதீங்க.

இப்ப உங்க ஃப்ரெண்டுகிட்ட வருவோம். பழசானா டேஸ்ட்டுங்கறது ஓக் பீப்பாய்க்குள்ள இருக்க விஸ்கிக்கு, ஐரிஷ் விஸ்கின்னு பேர் வைக்கணும்னாலே குறைஞ்சது 3 வருஷம் பீப்பாய்ல இருக்கணும். பாட்டில்ல அடைச்சுட்டா அந்த வளர்ச்சி நின்னுரும், 12 வருஷ விஸ்கிய பீரோவுல 10 வருஷம் வச்சா அது 22 வருஷ விஸ்கி ஆகாது. விஸ்கியாவது பாட்டில்ல அப்படியே இருக்கும். க்ரீம் லிக்கர் இருக்காது, ஃபேக்டரிய விட்டு வெளிய வந்த நாள்தான் அதோட பெஸ்ட் நாள், அதுக்கப்புறம் இறங்குமுகம் மட்டும் தான். விசேஷத்துக்கு எடுக்கலாம்னு பத்திரப்படுத்தற பழக்கம் இதுக்கு ஆகவே ஆகாது. பொண்ணு கல்யாணத்துக்கு உடைக்கலாம்னு பூட்டி வச்சிருக்கற அப்பாக்கள எனக்கு தெரியும்.

பீரோ பாட்டில என்ன பண்றது? தேதி தாண்டி ஒரு வருஷத்துக்கு மேல, அதுக்குள்ள ஒரு முழு மதுரை கோடைக்கும் மேல பாத்திருக்கு, நல்லா இருக்க வாய்ப்பு கம்மின்னு தான் சொல்லுவேன், ஆனா பாக்காம கொட்ட சொல்ல மாட்டேன். பாட்டில் கருப்பு பழுப்பு கண்ணாடிங்கறதால வெளிய இருந்து பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, ஊத்தி தான் பாக்கணும். ஆட்டறதுக்கு முன்னாடி மெதுவா சாய்ச்சு பாருங்க, உள்ள தண்ணி மாதிரி ஓடுதா, இல்ல ஏதோ கட்டி இடிக்குதான்னு தெரியும். அப்புறம் நல்லா ஆட்டிட்டு, எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தாதீங்க, கண்ணாடி கிளாஸ்ல கொஞ்சமா ஊத்தி லைட்டுக்கு நேர பிடிச்சு சாய்ங்க, கிளாஸ் சுவர்ல வழியும்போது வழவழன்னு ஒரே சீரா இறங்கணும், மணல் மணலா பொட்டு பொட்டா ஒட்டி நின்னா முடிஞ்சு போச்சு. அடுத்தது மூக்கு, வெண்ணிலா சாக்லேட் வாசனையும் லேசா விஸ்கியும் வரணும், காறலோ புளிப்போ வந்தா அங்கயே நிறுத்திடுங்க, "கொஞ்சம் குடிச்சு பாத்தா என்ன"ங்கற கட்டத்துக்கு போகாதீங்க. இதெல்லாம் தாண்டிட்டா நுனி நாக்குல ஒரு துளி வச்சு துப்பிடுங்க. சந்தேகம் இன்னும் இருந்தா இன்னொரு வழி, பால் இல்லாத சூடான கட்டங்காபில ஒரு ஸ்பூன் விடுங்க, கோட்டிங் பலவீனமா இருந்தா சூடும் காபியோட லேசான அமிலமும் சேந்து அத உடைச்சிரும், மேல வெள்ளைப் பொட்டா திரிஞ்சு மிதக்கும். நல்ல லிக்கர் சத்தமில்லாம கரைஞ்சிரும்.

எல்லா டெஸ்டும் பாஸ் ஆச்சுன்னா குடிக்கலாம், டேஸ்ட் கொஞ்சம் தட்டையா இருக்கலாம், அவ்வளவு தான். ஆனா கர்ப்பமா இருக்கவங்களும் லிவர் பிரச்சனை இருக்கவங்களும் புதுசோ பழசோ தொடவே கூடாது, எதிர்ப்பு சக்திய குறைக்கற மருந்து எடுக்கறவங்களும் அப்படித் தான்.

இங்க ஒரு குழப்பத்தையும் தீத்துடறேன். கோக், ஸ்ப்ரைட், எலுமிச்சை ஜூஸ் இதுல எதையாவது பெய்லீஸோட கலந்துட்டு "ஐயோ திரிஞ்சு போச்சு, பாட்டில் கெட்டுருச்சு"ன்னு சொல்றவங்க நிறைய. கெடல. கேசின் பிஹெச் (புளிப்போட அளவு, நம்பர் குறைய குறைய புளிப்பு அதிகம்) 4.6 பக்கம் வந்தாலே கட்டி தட்டும், கோக் பிஹெச் அதுக்கும் ரொம்ப கீழ, அதனால நேத்து வந்த பாட்டில்ல ஊத்தினாலும் திரியும். வெளிநாட்டு பார்ல சிமென்ட் மிக்ஸர்னு ஒரு ஷாட் இருக்கு, வாய்க்குள்ளயே பெய்லீஸையும் லைம் ஜூஸையும் கலந்து கட்டியாக்கி முழுங்கறது, விளையாட்டுக்கு பண்றது, யாருக்கும் ஒண்ணும் ஆகறது இல்ல. வயித்துக்குள்ள போனா ஆசிட்ல எப்படியும் அது திரியத் தான் போகுது. பாக்க தான் சகிக்காது. ஆனா எதுவும் கலக்காம பாட்டில்ல இருந்து வர்றப்பவே திரிஞ்சிருந்தா அது வேற கதை, அது கெட்டது.

நான் உண்மையிலயே பயப்படறது டேட் முடிஞ்ச பெய்லீஸுக்கு இல்ல, யூட்யூப் பாத்து வீட்டுல பண்ற "ஹோம்மேட் பெய்லீஸ்"க்கு. கணக்கு போட்டு பாருங்க. 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒண்ணு, அது சுமார் 300 மில்லி வரும், 200 மில்லி க்ரீம், 200 மில்லி விஸ்கி, மொத்தம் 700 மில்லி. நம்ம ஊர் விஸ்கி 42.8%, அப்ப 200 மில்லில ஆல்கஹால் 85 மில்லி சொச்சம், கடைசில கிடைக்கறது 12% தான். காபி டிகாக்ஷன் வேற ஊத்தினா இன்னும் கீழ. 17%ல நடக்கற காவல் 12%ல நடக்காது, மிக்ஸில அடிச்சா ஹோமோஜினைஸ் ஆகவும் ஆகாது, ரெண்டு நாள்ல மேல ஆடை நிக்கும். சில ரெசிபில பச்சை முட்டை வேற. இத அழகான பாட்டில்ல ஊத்தி ரிப்பன் கட்டி ஆறு மாசம் தாங்கும்னு கிஃப்ட் குடுக்கறாங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துல முடிச்சிடணும், முட்டை போட்டதுன்னா நான் தொடவே மாட்டேன்.

முட்டைய சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நியூயார்க் ராக்ஃபெல்லர் யுனிவர்சிட்டில ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டுனு ஒரு பெரிய பாக்டீரியா விஞ்ஞானி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள வகை பிரிச்சவங்க, அவங்க லேப்ல வருஷா வருஷம் பச்சை முட்டையும் க்ரீமும் ரம்மும் போர்பனும் போட்டு எக்னாக் பண்ணி வாரக்கணக்குல ஃப்ரிட்ஜ்ல ஊற வச்சு கிறிஸ்துமஸுக்கு குடிக்கற பழக்கம். அவங்க காலத்துக்கு அப்புறம் அதே யுனிவர்சிட்டில அந்த எக்னாக்ல வேணும்னே சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்கு கிருமிய விட்டு பாத்தாங்க, ஆல்கஹால் 20% பக்கம். கிருமி செத்துச்சு, ஆனா உடனே சாகல, மூணு வாரம் கழிச்சு தான் சுத்தமா இல்லாம போச்சு. இதுல கவனிக்க வேண்டியது, சரக்கு ஊத்தின நிமிஷமே கிருமி செத்துரும்ங்கற நினைப்பு தப்பு, போதுமான ஆல்கஹாலும் போதுமான நாளும் ரெண்டும் வேணும். 12%ல இந்த கதைய நம்பிக்கிட்டு இருக்க முடியாது.

மத்த பிராண்டு வச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. கரோலன்ஸ், தென்னாப்பிரிக்கா அமரூலா மாதிரி க்ரீம் லிக்கர் லேபிள்லயும் 17%னு இருந்தா, மேல சொன்னது அப்படியே பொருந்தும். ரம்சாட்டா 13.75%, பாதாம்ல பண்ற பெய்லீஸ் அல்மாண்ட் 13%, இதுக்கெல்லாம் தேதில கொஞ்சம் கறாரா இருங்க, ஆல்கஹால் குறைய குறைய சலுகையும் குறையும். அமெரிக்கால இருந்து யாராவது பெய்லீஸ்னு பேர் போட்ட காபி க்ரீமர் கொண்டு வந்தா அதுல ஆல்கஹாலே கிடையாது, வெறும் பால் பொருள், அத ஃப்ரிட்ஜ்ல வச்சு தேதிக்குள்ள முடிக்கணும், பேர பாத்து ஏமாந்து ஒரு வருஷம் கழிச்சு திறக்காதீங்க.

ஏற்கனவே குடிச்சுட்டு தான் இத படிக்கிறீங்கன்னா பதறாதீங்க, காறல் அடிச்சது ஒரு பெக் உள்ள போனா பெரும்பாலும் குமட்டல், வயித்த பிரட்டறது, அதிகபட்சம் ஒரு வாந்தியோட போயிரும், தண்ணியும் ஓஆர்எஸ்ஸும் குடிங்க. காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் போனாலோ, குடிச்ச தண்ணி கூட நிக்காட்டியோ டாக்டர்கிட்ட போங்க, என்ன குடிச்சீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. கண் மங்கினா மூச்சு வாங்கினா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆஸ்பத்திரி, அது க்ரீம் சமாச்சாரம் இல்ல, சரக்கே போலியா இருக்கலாம். சின்னப் பசங்க சாக்லேட் பால்னு நினைச்சு எடுத்து குடிச்சிருந்தா அப்பவும் உடனே ஆஸ்பத்திரி, அவங்களுக்கு ஆல்கஹால் அளவே ஆபத்து, தேதி எல்லாம் அப்புறம். இதுக்காகவே இந்த பாட்டில குழந்தைங்க கை எட்டற ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, மேல் தட்டுல உள் பக்கமா வைங்க. கதவு பக்கம் திறந்து திறந்து மூடறதுல சூடும் ஏறி ஏறி இறங்கும்.

அந்த ஃப்ரிட்ஜ் பாட்டில் மேட்டருக்கு வந்தா, உடைச்ச ஆறு மாசத்துக்குள்ள முடிச்சா நல்லதுன்னு பொதுவா சொல்லுவாங்க, அது டேஸ்ட்டுக்கு சொல்றது. எட்டு மாசம், குளிர்ல இருந்திருக்கு, தேதியும் இருக்கு, கிளாஸ்ல ஊத்தி பாத்து மோந்து பாத்து சரியா இருந்தா தயங்காம குடிங்க. மூடி இடுக்க ஈரத்துணியால துடைச்சு வைங்க. பாட்டில் பாதிக்கு கீழ போயிருந்தா உள்ள காத்து அதிகம், காறல் சீக்கிரம் வரும், அதனால சின்ன பாட்டில்ல மாத்தி வைக்கலாம், நல்லா கழுவி ஈரம் இல்லாம காய வச்ச பாட்டிலா இருக்கணும். ஃப்ரீசர்ல மட்டும் வச்சிடாதீங்க, மைனஸ் 18ல அது பாதி உறைஞ்சு கூழாகி, திரும்ப உருகறப்ப கொழுப்பு பிரிஞ்சு நிக்கும். பீரோ பாட்டில் டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சுன்னா சிங்க்ல ஊத்தாம பழைய துணி, பேப்பர்ல ஊறவிட்டு குப்பைல போடுங்க, அவ்வளவு கொழுப்பு பைப்புக்குள்ள போய் படிஞ்சா அடுத்த கேள்வி நீங்க பிளம்பர்கிட்ட தான் கேக்கணும்.